தாய்ப்பால் எத்தனை மணி நேரம் கெடாது? கொடைக்கானலில் ஒரு கணக்கு. பழனியில் ஒரு கணக்கு!

கொடைக்கானலில் ஓர் இளம் தாய். ஓட்டலில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. குழந்தைக்கு 4 மாதம். காலை 8 மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும் முன், தாய்ப்பாலைப் பீய்ச்சி, கழுவிக் காய்ச்சிய சின்னக் கிண்ணத்தில் மூடி வைக்கிறாள். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.

மலைக்குக் கீழே, பழனியில் இன்னொரு தாய். ஜவுளிக்கடையில் வேலை. சித்திரை மாதத்து வெயில். அவளும் அதே நேரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அந்த வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது.

பகல் 11 மணி. இரண்டு வீட்டிலும் குழந்தை அழுகிறது. இரண்டு வீட்டிலும் பாட்டி கிண்ணத்தைத் திறக்கிறாள்.

கொடைக்கானல் குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்கலாம். பழனிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது!

பாலும் ஒன்று. கிண்ணமும் ஒன்று. வைத்திருந்த நேரமும் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இது இரண்டு வீட்டு விஷயம் மட்டும் அல்ல. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பெருகிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்துவிட்டன. தாய்ப்பாலைக் கடையில் விற்ற செய்தியும் வந்தது; சர்க்கார் அதற்குத் தடை போட்டதும் நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே. தாயின் உடம்பை விட்டு வெளியே வந்த பால், எவ்வளவு நேரம் நல்ல பாலாக இருக்கும்?

அப்பத்தா சொல்வது சரியா?

"பீச்சி வச்ச பாலைப் புள்ளைக்குக் குடுக்காதத்தா. ஆறின பாலு மாந்தம் கட்டும்" என்று திண்டுக்கல் சீமை வீடுகளில் அப்பத்தாமார் சொல்வது உண்டு.

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. பாதி தவறு.

வெயில் காலத்தில், மூடாத பாத்திரத்தில், கழுவாத கையால் பீய்ச்சிய பால் குழந்தைக்கு ஆகாதுதான். அந்தக் காலத்தில் பிரிட்ஜ் இல்லை, தெர்மாமீட்டர் இல்லை. கண்ணால் பார்த்த அனுபவத்தை வைத்து அவர்கள் சொன்னார்கள். ஆனால், "ஆறினாலே பால் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவது சரி அல்ல. தாய்ப்பால் அவ்வளவு லேசில் கெடுகிற பொருள் அல்ல.

1996-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், மார்கிட் ஹாமோஷ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களை மனதில் வைத்துச் செய்த சோதனை அது. பீய்ச்சிய பாலை மூன்று விதமான வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று 15 டிகிரி. இன்னொன்று 25 டிகிரி. மூன்றாவது 38 டிகிரி. (எல்லாம் சென்டிகிரேட் கணக்கு.)

15 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் பால் நன்றாகவே இருந்தது. கிருமிகள் பெருகவில்லை என்றே சொல்லலாம்.

25 டிகிரியில் முதல் சில மணி நேரம் வரை நன்றாக இருந்தது. ஆகவே 4 மணி நேரம் வைக்கலாம் என்றார்கள்.

38 டிகிரியில்? 4 மணி நேரம் ஆவதற்கு முன்பே கிருமிகள் வேகமாகப் பெருக ஆரம்பித்துவிட்டன. அந்த வெப்பத்தில் பாலை வைக்கவே கூடாது என்று எழுதினார்கள்.

இப்போது பழனி மலையைப் பாருங்கள். மலை உச்சியில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். கோடை காலத்திலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மார்கழி இரவில் 10 டிகிரிக்கும் கீழே போகும். நடுமலையில் காப்பித் தோட்டங்கள் நிறைந்த தாண்டிக்குடி. அங்கே மிதமான வெப்பம். அடிவாரத்தில் பழனி. சித்திரை வெயிலில் 38 டிகிரியைத் தொடும் ஊர். வாஷிங்டன் சோதனைச் சாலையில் இருந்த மூன்று பெட்டிகளும் இங்கே ஒரே மலையில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன!

அதற்காகக் கொடைக்கானல் தாய்மார்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மலையே குளிர்ந்திருந்தாலும், விறகு அடுப்பு எரியும் சமையல் அறை குளிர்ந்திருக்காது. கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் விழும் மேஜையும் குளிர்ந்திருக்காது. ஓட்டலில் வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் பையை வைத்தால் அது பழனி வெயிலுக்குச் சமம்தான். டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கெடு, அறையில் வைத்த பாலுக்கு 4 மணி நேரம். மலையில் இருப்பவர்களும் அந்தக் கெடுவையே வைத்துக்கொள்வது நல்லது.

பாலுக்குள் இருக்கும் காவல்காரர்கள்

பசும்பாலைக் காய்ச்சாமல் அப்படியே வைத்தால் சீக்கிரம் திரிந்துவிடும். தாய்ப்பால் மட்டும் எப்படி மணிக்கணக்கில் தாங்குகிறது?

தாய்ப்பாலில் உணவு மட்டும் இல்லை. மருந்தும் இருக்கிறது. கிருமிகளைத் தாக்கும் வெள்ளை அணுக்கள் அதில் உயிரோடு இருக்கின்றன. நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. 'லாக்டோபெரின்' என்ற புரதம், கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத கிருமி பெருக முடியாது. 'லைசோசைம்' என்ற இன்னொரு பொருள், கிருமியின் மேல்தோலையே உடைக்கிறது. பசும்பாலில் இந்த லைசோசைம் மிக மிகக் குறைவு.

குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இந்தக் காவல் பொருட்கள் இன்னும் அதிகம். அந்தச் சீம்பாலைத்தான் ஒரு காலத்தில் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கீழே ஊற்றினார்கள்!

பழனிக்காரர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். பழனிப் பஞ்சாமிர்தம் பல நாள் கெடுவதில்லை. மலையில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்ந்த அது, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் செய்யப்படுகிறது. சர்க்கரை மிகுதியாக இருப்பதால் கிருமிக்குத் தேவையான தண்ணீர் கிடைப்பதில்லை. அதனால் கிருமி வளர்வதில்லை. தாய்ப்பால் கதை வேறு. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் நிறைந்த பொருளாக இருந்தும் அது சற்று நேரம் தாங்குகிறது என்றால், உள்ளே இருக்கும் காவல்காரர்கள்தான் காரணம். அந்தக் காவல்காரர்களும் அளவுக்கு மீறிய வெப்பத்தில் தோற்றுப்போவார்கள்.

பிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகிறது?

பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரிட்ஜில் வைத்த பொருள் அப்படியே இருக்கும் என்று. அது சரி அல்ல. பிரிட்ஜ் எதையும் நிறுத்திவிடாது. மெதுவாக்கும். அவ்வளவுதான்.

2010-ஆம் ஆண்டில் நியூயார்க் டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளைப் பெற்ற தாய்மார்கள் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை ஆஸ்பத்திரி பிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. 4 டிகிரிக் குளிரில் பாலை வைத்து, 4 நாட்கள் வரை நாள்தோறும் எடுத்துச் சோதித்தார்கள்.

என்ன தெரிந்தது?

கிருமிகள் பெருகவில்லை. சில வகைக் கிருமிகள் குறைந்தே போயின! கொழுப்பின் அளவு குறையவில்லை. நோய் எதிர்ப்புப் புரதமும் லாக்டோபெரினும் அப்படியே இருந்தன.

ஆனால் வெள்ளை அணுக்கள் நாளுக்கு நாள் குறைந்தன. மொத்தப் புரதமும் கொஞ்சம் குறைந்தது. பாலின் புளிப்புத் தன்மை சிறிது கூடியது. கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களாக மாறியது. இந்தக் கொழுப்பு அமிலங்களே சில கிருமிகளைக் கொல்லும் சக்தி உள்ளவை. ஆகவே இதை முழுக்க நஷ்டம் என்றும் சொல்ல முடியாது.

மொத்தத்தில், 4 நாள் வரை பிரிட்ஜில் வைத்த பாலைக் கொடுக்கலாம் என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். ஆரோக்கியமான குழந்தைகளின் தாய்மாருக்கு இன்றைய டாக்டர்கள் சொல்லும் கெடுவும் அதே 4 நாள்தான். எடை குறைந்த, நோயுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகள் இன்னும் கடுமையான கெடு வைப்பது உண்டு. அங்கே ஆஸ்பத்திரி சொல்வதே சட்டம்.

வைட்டமின் 'சி' மட்டும் குளிரிலும் மெல்ல மெல்லக் குறையும். ஆகவே புதுப்பால் முதல் தரம். பிரிட்ஜில் வைத்த பால் இரண்டாம் தரம். உறைய வைத்த பால் அதற்கு அடுத்தது. ஆனால் மூன்றாவதாக இருக்கும் பாலும் டப்பாப் பாலை விட மேல் என்பதை மறக்கக் கூடாது.

இன்னும் ஒரு விஷயம். பிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலைப் பார்த்துப் பல தாய்மார்கள் பயந்துவிடுகிறார்கள். மேலே மஞ்சளாக ஏடு; கீழே தண்ணீர் போல நீலம் பாய்ந்த பால். "திரிந்துவிட்டது" என்று கொட்டிவிடுகிறார்கள். அது திரிந்த பால் அல்ல. கொழுப்பு லேசானது, அது மேலே வந்து மிதக்கிறது. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

சில தாய்மாரின் பாலில் இரண்டொரு நாளில் சோப்பு வாடை வரும். இதுவும் கெட்ட வாடை அல்ல. பாலில் உள்ள 'லைபேஸ்' என்ற பொருள் கொழுப்பை உடைக்கிறது. அந்த வாடை அதனால் வருகிறது. பாலுக்குக் கேடு இல்லை. ஆனால் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட தாய்மார்கள் பாலை அதிக நாள் சேர்த்து வைக்காமல், அன்றன்றைக்குக் கொடுத்துவிடுவது மேல். புளித்த வாடை, அழுகல் வாடை வந்தால் அது வேறு கதை. அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும்.

ஐஸ் கட்டியாக்கினால்?

பிரிட்ஜின் மேல் தட்டில் இருக்கும் உறைபெட்டியில் வைத்தால் பால் கட்டியாகிவிடும். இப்படி 6 மாதம் வரை வைக்கலாம். ஒரு வருஷம் வரை கூட ஆபத்து இல்லை என்கிறார்கள். ஆனால் உறைய வைக்கும்போது வெள்ளை அணுக்கள் செத்துப்போகின்றன. கொழுப்பில் கொஞ்சம் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. நாள் ஆக ஆகத் தரமும் குறைகிறது.

உறைந்த பாலை எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உருக விட வேண்டும். உருகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடியும் உறைய வைக்கக் கூடாது.

மின்சாரம் போய்விட்டால்? மலைப் பக்கத்தில் காற்றுக்கும் மழைக்கும் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிது அல்ல. கதவைத் திறக்காமல் இருந்தால் உறைபெட்டி பல மணி நேரம் குளிர் தாங்கும். மின்சாரம் வந்த பின் பாருங்கள். பாலில் இன்னும் ஐஸ் துகள்கள் இருந்தால் அதைத் திரும்ப உறைய விடலாம். முழுக்க உருகி, வெதுவெதுப்பாகவே ஆகிவிட்டிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பலர் செய்யும் தவறு, பாலைப் பிரிட்ஜ் கதவில் உள்ள தட்டில் வைப்பது. கதவு நாள் முழுதும் திறந்து மூடப்படுகிறது. அங்கே குளிர் நிலையாக இல்லை. உள்ளே, பின்பக்கம் வைக்க வேண்டும். புட்டியின் மேல் தேதியும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால், முந்திய பாலை முன்னாலும் பிந்திய பாலைப் பின்னாலும் வரிசையாக வைத்தால் போதும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டுமே ஊற்ற வேண்டும். குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்ட பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சூடாக்க வேண்டுமா? அடுப்பில் வைத்துக் காய்ச்சவே கூடாது. காய்ச்சினால் காவல் பொருட்கள் எல்லாம் நாசம். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்துக்குள் புட்டியை நிறுத்தி வைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முதல் கட்டம் கை கழுவுவது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பீய்ச்சிய பாலை எந்தப் பிரிட்ஜும் காப்பாற்றாது.

பாலுக்கு ஒரு வங்கி!

பிரிட்ஜில் தாய்ப்பாலை வைப்பது வீட்டோடு நிற்கவில்லை. பணத்துக்கு வங்கி இருப்பது போலப் பாலுக்கும் வங்கி வந்துவிட்டது.

1909-இல் வியன்னா நகரத்தில் உலகின் முதல் தாய்ப்பால் வங்கி தோன்றியது. இந்தியாவுக்கு அது வர 80 ஆண்டுகள் ஆயின. 1989 நவம்பரில் பம்பாயில், சயான் ஆஸ்பத்திரியில், டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் என்ற அம்மையார் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாக் கண்டத்திலேயே அதுதான் முதல் வங்கி.

தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் அமைக்கும் திட்டம் வந்தது. சென்னை, மதுரை, தேனி, திருச்சி, கோவை, சேலம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றில் தேனியும் மதுரையும் பழனி மலைக்காரர்களுக்குப் பக்கம்.

வங்கியில் என்ன நடக்கிறது? தன் குழந்தைக்குப் போக மிச்சம் பால் இருக்கும் தாய் தானமாகக் கொடுக்கிறாள். முதலில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை. எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய் எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் பால் ஏற்கப்படும். பிறகு அந்தப் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் சரியாக 30 நிமிஷம் வைக்கிறார்கள். உடனே குளிர வைக்கிறார்கள். கிருமி இருக்கிறதா என்று சோதனை. அதன் பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறைய வைத்துவிடுகிறார்கள்.

இந்தச் சூட்டில் கிருமிகள் சாகின்றன. கூடவே வெள்ளை அணுக்களும் லைபேஸும் போய்விடுகின்றன. நோய் எதிர்ப்புப் புரதத்தில் ஒரு பகுதியும் குறைகிறது. ஆகவே தானப் பால், சொந்தத் தாயின் பாலுக்கு முழு ஈடு ஆகாது. ஆனாலும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் ஒன்று வருகிறது. டப்பாப் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளை விட, தானத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அந்த நோய் குறைவாகவே வருகிறது. தாய்க்குப் பால் வரும் வரையில் இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்க அந்தப் பால் உதவினாலும் ஓர் உயிர் தப்பிவிடலாம்.

பிள்ளைக்குப் பிறர் பால் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. பழனியாண்டவனை வளர்த்ததே கார்த்திகைப் பெண்கள் அறுவர்தான் என்று புராணம் சொல்கிறது. ரத்தப் பரிசோதனையும் தெர்மாமீட்டரும்தான் புதிது.

விற்பனைக்கு வந்த பால்

தானம் கொடுத்த பொருளை விற்கப் புறப்பட்டவர்களும் உண்டு!

2024-ஆம் ஆண்டு மே 24-ந் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்கச் சட்டத்தில் இடம் இல்லை. அப்படி விற்பவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று அது கூறியது. அந்த எச்சரிக்கை வந்த சில நாட்களிலேயே, சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் சின்னச் சின்னப் புட்டிகளில் தாய்ப்பால் வைத்து விற்றதைக் கண்டுபிடித்து அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

"வேண்டும் என்பவன் வாங்குகிறான். இதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்டார்கள்.

தப்பு இருக்கிறது. அந்தப் பால் யாருடையது? அவளுக்கு நோய் இருந்ததா? எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது? கடைக்கு வரும் வழியில் ஐஸில் வந்ததா, வெயிலில் வந்ததா? தண்ணீர் கலந்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் புட்டியின் மேல் பதில் எழுதி இருக்காது. பாலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாலுக்கு விலை வந்துவிட்டால், ஏழைத் தாய் எதை விற்பாள்? மிச்சம் இருப்பதையா, தன் குழந்தையின் பங்கையா? பசித்த வீட்டில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது. தடை போட்டது சரிதான்.

உண்மையான குறை எங்கே?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இது தெரிந்தது. இந்தப் பெருமை வேறு பல ராஜ்யங்களுக்கு இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் வந்தது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 64. தமிழ்நாட்டில் 55!

ஆஸ்பத்திரியில் முன்னால். பாலூட்டுவதில் பின்னால். ஏன்?

காரணம் பல. வீடு திரும்பியதும் "பால் போதவில்லை" என்று புட்டியைக் கையில் எடுக்கும் வழக்கம் ஒன்று. வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் இன்னொன்று.

பிரசவ விடுமுறைச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் அதைத் திருத்தி விடுமுறையை 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. 26 வாரம் என்பது 6 மாதம். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலமும் 6 மாதம்தான். கணக்கு சரியாக இருக்கிறது.

யாருக்குச் சரியாக இருக்கிறது? உத்தியோகத்தில் இருக்கும் பெண்களுக்கு. பூம்பாறையில் பூண்டு வயலில் குனிந்து வேலை செய்யும் கூலிப் பெண்ணுக்கு யார் விடுமுறை கொடுப்பார்கள்? தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கு? நான்கு பேர் வேலை செய்யும் விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு? 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், பெரிய எஸ்டேட்டுகளில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. சிறு காப்பித் தோட்டங்களுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் தொகை இவர்களுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஆனால் அது 6 மாதக் கூலிக்கு ஈடாகாது.

இந்தப் பெண்களிடம் போய், "பாலை 4 டிகிரியில் வையுங்கள்" என்றால் சிரிப்பார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பிரிட்ஜ் இல்லாவிட்டாலும் பால் கொடுக்கலாம். மலைக் குளிரில், நிழலான மூலையில், மூடிய பாத்திரத்தில் 4 மணி நேரம் நிச்சயமாகத் தாங்கும். கீழ்நாட்டு வெயிலில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. அங்கே ஐஸ் போட்ட பிளாஸ்க்கு வேண்டும், அல்லது குழந்தையை வேலை இடத்துக்குக் கொண்டுவந்து நேரடியாகப் பால் கொடுக்க வழி வேண்டும். சொல்லப்போனால் பிரிட்ஜை விட அதுதான் மேல். தாயின் உடம்பைப் போன்ற பால் பெட்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அங்கே பாலுக்குக் கெடுவும் இல்லை. தேதி எழுதி ஒட்டவும் வேண்டாம்.

2015-இல் தமிழ்நாட்டில் 350-க்கும் மேற்பட்ட பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறை திறந்தார்கள். நல்ல காரியம். மறைவான ஓர் அறையும் ஒரு நாற்காலியும் இருந்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும் என்பதை அது காட்டியது. அப்படி ஓர் அறை, ஜவுளிக்கடை மாடியிலும் ஓட்டல் பின்கட்டிலும் வருவதற்கு எவ்வளவு செலவு ஆகும்? ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு தண்ணீர்க் குழாய்.

மலையை விட்டு இறங்கும் பால்

கடைசியாக ஒரு சங்கடம் இருக்கிறது. அது மலைக்காரர்களுக்கே உரியது.

கொடைக்கானல் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு 7 மாதத்தில் பிரசவம் ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை ஒன்றேகால் கிலோ. ஆம்புலன்ஸில் குழந்தையை உடனே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். தாய்க்கு ரத்தப்போக்கு, அவளால் மலை இறங்க முடியவில்லை. தாய் மேலே. பிள்ளை கீழே. நடுவில் பஸ்ஸில் ஏறத்தாழ 3 மணி நேரப் பாதை.

அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் வங்கியின் பால் கொடுக்கலாம். ஆனால் சொந்தத் தாயின் சீம்பாலுக்கு அது நிகர் அல்ல. சீம்பால் மலையில் இருந்து இறங்கி வந்தாக வேண்டும்.

இங்கேதான் இந்த டிகிரிக் கணக்கு எல்லாம் பயன்படுகிறது. மலை மேல் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், அடிவாரம் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். புட்டியும் சூடாகிவிடும். அதனால், பீய்ச்சிய உடனே பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரச் செய்து, ஐஸ் கட்டிகள் சூழ, இறுக மூடிய பெட்டியில் வைத்து இறக்க வேண்டும். தடுப்பூசி மருந்தை எந்த மாதிரிப் பெட்டியில் கிராமத்துக்குக் கொண்டுபோகிறார்களோ, அந்த மாதிரிப் பெட்டி போதும். புட்டியின் மேல் தாயின் பெயர், தேதி, பீய்ச்சிய நேரம் மூன்றும் இருக்க வேண்டும். நல்ல ஐஸ் இருந்தால் அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு நாள் வரை பால் தாங்கும். 3 மணி நேரம் ஒன்றும் இல்லை.

பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நர்ஸ் நேரத்தைப் பார்ப்பாள். பெயரைச் சரிபார்ப்பாள். உடனே பிரிட்ஜில் வைப்பாள். அவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பால் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு, அதில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு அதற்கு வேண்டியது இரண்டொரு மில்லிதான். ஒரு சின்னக் கரண்டி கூட நிறையாது.